மருமகனுக்கு விழுந்த மாலை

ரயில் தண்டவாளத்தின் மேலேயே எல்ல என்கிற மலை ஊரை விட்டு நடந்துகொண்டிருந்தேன். கெஸ்ட் ஹவுஸ் முதலாளி சிங்களத்தில் திட்டுவது முதல் வளைவு வரைக்கும் கேட்டது. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. பாத்திரம் கழுவத்தான் என்னைச் சேர்த்தார். யோகா சொல்லிக்கொடுக்க வருகிற ஆள் ஒரு நாள் வராமல் போனதும், "நீ இந்தியன்தானே, நீயே சொல்லிக்கொடு" என்றார். நான் திண்டுக்கல் ராவுத்தர் வீட்டில் பிறந்தவன். தொழுகைக்குக் குனிவதைத் தவிர வேறு எந்தப் பக்கமும் என் உடம்பு வளையாது. சொன்னேன், கேட்கவில்லை. ஒரு ஜெர்மன் அம்மாவுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அதற்குமேல் அங்கே நின்று பேச எதுவும் இல்லை.

இலங்கைக்கு நான் வந்தது குருவியாக. சென்னையில் துணிமூட்டையை வாங்கி, கொழும்பில் ஒரு கடையில் இறக்கிவிட்டுத் திரும்புகிறவனுக்கு எங்கள் தொழிலில் அப்படிப் பேர். இறக்கினேன். திரும்பத்தான் மனசு வரவில்லை. விசாவில் இன்னும் இடம் இருந்தது, மலைப்பக்கம் குளிர் என்றார்கள், கிளம்பிவிட்டேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தையும் பாதிக் குர்ஆனோடு மதரஸாவையும் விட்டு வந்தவனுக்கு ஒரு வேலையைப் பாதியில் விடுவது புதிதில்லை.

ஒன்பது வளைவுப் பாலத்தில் ஊர்ப்பட்ட கூட்டம். ரயில் வந்தால் ஒதுங்குவதற்கு இடமில்லை, படம் எடுத்துக்கொள்ள மட்டும் எல்லோருக்கும் இடமிருந்தது. ஒரு சீனப் பெண் தன் புருஷனைப் பாலத்தின் ஓரச் சுவரில் ஏறி நிற்கச் சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் பின்னால், இன்னும் கொஞ்சம் பின்னால் என்று கையைக் காட்டிக்கொண்டிருந்தாள். மனைவிமேல் அந்த ஆளுக்கு இருந்த நம்பிக்கையை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

தெமோதரையில் ரயில் பாதை மலையைச் சுற்றி வந்து தன் காலடியிலேயே நுழைந்து போகிறது. நான் சுற்றாமல் தேயிலைக்குள் நேராக இறங்கினேன். பாதி வழியில் மழை பிடித்தது. எங்கள் ஊர் மழை தூறலில் ஆரம்பித்து ஆளைத் தயார்ப்படுத்தும். இந்த ஊவா மலைப்பக்கத்து மழைக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியாது. கொழுந்து நிறுக்கிற கொட்டகைக்குள் ஓடினேன். அதற்கு மேலே இருந்த லயத்திலிருந்து, தோட்டத்து ஆட்களின் வரிசை வீடுகளிலிருந்து, ஒரு குரல் வந்தது.

"யாருங்க அது, கொட்டகையில நிக்கிறது?"

கடல் தாண்டி, மலை ஏறி, இத்தனை தூரம் வந்து கேட்டால் பழனி ரோட்டுத் தமிழ். திண்டுக்கல் என்றேன்.

"எங்க ஆளுங்களும் அந்தப் பக்கந்தான்னு சொல்லிக்குவாங்க. எந்தப் பக்கம்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது. உள்ள வாங்க, மழை ஊரு பேரு கேட்டுட்டா பெய்யுது?"

அவர்தான் ராஜாத்தி அக்கா. அந்தத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர். வாயில் எப்போதும் வெற்றிலை, அது இல்லாதபோது பேச்சு. புருஷன் அந்தோணி வேதக்காரர். ஆகவே ஒரே பலகையில் மாரியம்மனும் மாதாவும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தார்கள், இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு விளக்கு. மகள் கொழும்பில் கார்மெண்டில் வேலை செய்கிறாள். அவள் விட்டுப்போன கைக்குழந்தை தொட்டிலில் கிடந்தது. அதன் மணிக்கட்டில் முடிச்சுப் போட்ட கறுப்பு நூல்.

கோதுமை மாவு ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டசம்பலும் கொடுத்தார்கள். ரொட்டி கனம், சம்பல் நெருப்பு. கண்ணில் தண்ணீர் வந்ததும் அந்தோணி என் உள்ளங்கையில் சீனியைக் கொட்டி, கோப்பையில் வெறுந் தேத்தண்ணியை வைத்தார். சீனியை நக்கிக்கொண்டே குடிக்க வேண்டும். டீக்குள் சீனியைப் போடாமல் கைக்குள் போட்டுக்கொள்கிற ஊரை அப்போதுதான் பார்த்தேன். டீ சுமார். தேயிலைக்கு நடுவில் உட்கார்ந்து இவ்வளவு சுமாரான டீயைக் குடிக்கிறோமே என்று கேட்டேன். "நல்லதெல்லாம் கப்பல்ல போயிருச்சு, மிச்சந்தான் நம்ம" என்றார் அந்தோணி. அன்றைக்கு அவர் பேசியது அது ஒன்றுதான்.

நான் முஸ்லிம் என்று தெரிந்ததும் ராஜாத்தி அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தார். "நல்லதாப் போச்சு. நாளைக்கு வெள்ளிக்கிழமை. எங்க லெப்பையோட மருமகனுக்கு மாலை போடப் போறோம். வாங்க, உங்க ஆளு ஒருத்தரு கூட இருந்த மாதிரி இருக்கும்."

லெப்பை என்பவர் தோட்டத்துக்குக் கீழே, ஹாலிஎலப் பக்கம் போகிற ரோட்டோரத்துச் சின்னப் பள்ளிவாசலில் தொழ வைத்தவர். சமீபத்தில்தான் இறந்துபோயிருந்தார். குழந்தைக்குக் காய்ச்சல், பயம், பால் குடிக்காத கோளாறு, எதுவானாலும் லயத்துச் சனம் அவரிடம்தான் தூக்கிக்கொண்டு போகும். ஓதி ஊதி, நூல் கட்டி அனுப்புவார். படுக்கையில் விழுந்த பிறகு இந்தக் குழந்தையைக் கொண்டுபோனபோது, பக்கத்தில் நின்ற மருமகனின் கையைப் பிடித்துக் குழந்தையின் தலைமேல் வைத்தாராம். "அப்பவே குடுத்துட்டாரு. அவரு கை இப்ப மருமகன் கைக்கு வந்திருச்சு" என்றார் ராஜாத்தி அக்கா. மாரியம்மன் கோயிலில் பூசாரிக்குப் பிறகு வருகிறவனுக்கு மாலை போட்டுத் தலைப்பாகை கட்டுவார்களே, அதே மாதிரி.

பள்ளிவாசலில் அந்த வழக்கம் கிடையாது என்று சொல்லப் பார்த்தேன். "நீங்க இந்தியா. இங்க வேற" என்று முடித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மதியக் கொழுந்தை நிறுத்துப் போட்ட கையோடு பத்துப் பதினைந்து பேர் இறங்கினோம். நான் உள்ளே போய் ஜும்ஆ தொழுதேன். தொழ வைத்தவர் கமால் நானா என்கிற ஹார்ட்வெயார் கடைக்காரர். இங்கே முஸ்லிம்கள் பேச்சில் இருக்கிறேன் என்பது ஈக்கன், சொல் என்பது செல், நானா என்றால் அண்ணன். தாத்தா, லாத்தா என்றால் அக்கா. "என் தாத்தாவுக்குக் குழந்தை பிறந்திருக்கு" என்று பக்கத்தில் ஒருவர் சொன்னபோது நான் மாஷா அல்லாஹ் என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

தொழுகை முடிந்து கூட்டம் வெளியே வந்தது. வாசலில் மஞ்சள் செவ்வந்தி மாலையும் ஒரு சிவப்புத் துண்டுமாகத் தோட்டத்துச் சனம். லெப்பையின் மருமகன் றிஸ்வி, த்ரீவீலர் ஓட்டுகிற ஒல்லியான பையன், செருப்பைத் தேடிக் குனிந்தான். நிமிரும்போது கழுத்தில் மாலை. ராஜாத்தி அக்கா நாக்கைச் சுழற்றிக் குலவை போட்டார். அந்தச் சத்தம் தேயிலை மலையில் பட்டுத் திரும்பி இன்னொரு தடவை பள்ளிவாசலுக்குள் போனது.

ஜமாஅத்து முழுவதும் சிலையாக நின்றது. முதலில் உயிர் வந்தது கமால் நானாவுக்கு.

"பள்ளி வாசல்ல குலவையா? மாலையா? றிஸ்வி, கழட்டுடா அத!"

றிஸ்வி கழற்றவில்லை. பள்ளியை ஒட்டிய ஓட்டு வீட்டின் ஜன்னலைப் பார்த்தான். அங்கே திரை தொங்கியது. திரைக்குப் பின்னால் யாரோ நின்றார்கள்.

"அது கோயில் சந்தனம் மாதிரிங்க, ஒண்ணும் செய்யாது" என்று ராஜாத்தி அக்கா சமாதானம் சொன்னது நிலைமையை இன்னும் கெடுத்தது.

அந்த நேரம் பார்த்து ரோட்டில் ஒரு வேன் இருமிக்கொண்டு வந்து நின்றது. கிளட்ச் போய்விட்டது. இறங்கியவர் தங்கக் கரை போட்ட வெள்ளைத் தொப்பியும் வெள்ளைத் தாடியுமாக இருந்தார். கொழும்பில் பைப்பும் பெயிண்டும் மொத்தமாக விற்கிற போரா வியாபாரி, அப்பாஸ் முதலாளி. கமால் நானா கடைக்குச் சரக்குப் போடுகிறவர், அவரைப் பார்க்கத்தான் வந்திருக்கிறார். வந்தவரின் முன்னால் சண்டை போட வெட்கப்பட்டு, லெப்பைக்கு அடுத்தது யார் என்று நாளைக்கு அஸர், அதாவது பிற்பகல் தொழுகைக்குப் பிறகு கூடிப் பேசுவது என்று முடிவு செய்து கலைந்தார்கள்.

மெக்கானிக்கைத் தேடி முதலாளியை ஹாலிஎலவுக்கு ஏற்றிப்போனது றிஸ்வி. எனக்கு வேலை எதுவும் இல்லாததால் நானும் ஏறிக்கொண்டேன். மாலை இப்போது த்ரீவீலரின் கண்ணாடியில் தொங்கியது. ஒவ்வொரு வளைவிலும் ஒரு கொத்து இதழ் முதலாளியின் தொப்பிமேல் விழுந்தது. அதைத் தட்டிவிட்டுக்கொண்டே என்ன விஷயம் என்று கேட்டார்.

றிஸ்வி சொன்னான். மாமனார் இருந்த அந்த ஓட்டு வீடு பள்ளியின் வீடு, வேலையோடு சேர்ந்தது. வேறு ஆள் வேலைக்கு வந்தால் வீட்டையும் கொடுக்க வேண்டும். மாமியார் இப்போது இத்தாவில் இருக்கிறார். புருஷன் இறந்த பெண் அந்த நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே வரமாட்டார், அந்நிய ஆண்கள் முன்னால் நிற்கமாட்டார். அதுவரைக்கும் யாரும் அவரைக் கிளப்ப முடியாது. அதற்குப் பிறகு?

"நான் பதுளையில ஒரு அறையில ஈக்கன். பொஞ்சாதி, ரெண்டு புள்ள. மாமிய எங்க வைக்கிற? கமால் நானா வந்தா வீட்ட இடிச்சு மதரஸா கட்டுவார். மதரஸாவும் வேணுந்தான். ஆனா மாமி?"

முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தமிழும் சிங்களமும் கலந்த அவர் பேச்சை நேராக்கித் தருகிறேன்.

"தம்பி, மாமனார் நோயில் கிடந்தபோது முன்னால் நின்று தொழ வைத்தது யார்?"

"கமால் நானா."

"கையைப் பிடித்துக் காட்டியது?"

"என் கைய."

"நீ மகனா?"

"மருமகன்."

"அஸ்தஃபிருல்லாஹ், அல்லாஹ் மன்னிக்கட்டும். பெரியவர்களோடு உங்களை ஒப்பிடவில்லை. ஆனால் இதற்காகத்தான் நாங்களும் நீங்களும் ஆயிரத்து நானூறு வருஷமாகத் தனித்தனியாகத் தொழுதுகொண்டிருக்கிறோம். நீங்கள் அதை ஹாலிஎலவில் மறுபடி ஆரம்பித்துவிட்டீர்கள்."

மதரஸாவில் இதை எங்கள் உஸ்தாத் மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டுப் பிரம்பை எடுத்தவர். முதலாளி சொல்லித்தான் கதை முழுசாகப் புரிந்தது. நபிகள் நாயகம் மறைந்த பிறகு, கூடியிருந்தவர்கள் அபூபக்கர் அவர்களைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். நோயில் இருந்தபோது தொழுகைக்கு முன்னே நிற்கச் சொன்னதும் அவரைத்தானே என்பது எங்கள் சுன்னிகள் பக்கம். இல்லை, மருமகனும் சொந்தக்காரருமான அலி அவர்களின் கையை ஊரறிய உயர்த்திக் காட்டிவிட்டுத்தான் போனார்கள், தலைமை அந்தக் குடும்பத்துக்கே உரியது என்பது ஷியாக்கள் பக்கம். போராக்களும் அதில் ஒரு பிரிவு. கை உயர்ந்தது என்பதை இரண்டு பக்கமும் ஒப்புக்கொள்கிறது. எதற்காக உயர்ந்தது என்பதில்தான் இத்தனை ரத்தமும்.

"உங்களுக்கு இப்போது யார் தலைவர்?" என்று கேட்டேன்.

"இமாம் மறைவில் இருக்கிறார். அவர் பேரில் ஒருவர் எங்களை நடத்துகிறார். அவர் போவதற்கு முன் அடுத்தவரைச் சொல்லிவிட்டுப் போவார்."

"சொன்னது யார் காதிலும் விழாவிட்டால்?"

முதலாளி ஒரு செவ்வந்தி இதழைத் தொடையிலிருந்து எடுத்து வெளியே போட்டார். "அப்போது எங்களுக்குள்ளேயும் சண்டை. போட்டிருக்கிறோம்."

"எங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை, பரம்பரையே கிடையாது" என்றேன் கொஞ்சம் பெருமையாக.

"ஆமாம். முதல் நாலு பேருக்கு. அப்புறம் உங்கள் கலீஃபாக்கள் அப்பனுக்குப் பிறகு மகன், மகனுக்குப் பிறகு பேரன் என்று எத்தனை நூறு வருஷம் ஓட்டினார்கள்? கேட்டுப் பாரேன்."

யாரைக் கேட்பது? எங்கள் ஊரில் கட்சிக்கு மகன், சினிமாவுக்கு மகன், பிரியாணிக் கடைக்கு மகன். அதில் பிரியாணிக் கடையில் மட்டும்தான் ருசி குறைந்தால் கூட்டம் குறையும். றிஸ்வி வண்டியை வளைத்துக்கொண்டே சொன்னான், "கமால் நானா நிர்வாகத்துல உக்காந்து ஈக்கிற கதிரையும் அவர்ட வாப்பா ஈந்த கதிரைதான். கடையும் வாப்பாட கடைதான். பரம்பரை கூடாதுண்டு செல்றதும் அவர்தான்." அதைச் சொல்லி முடிப்பதற்குள் முன் சக்கரம் ஒரு குழியில் விழுந்து டயர் போனது. மாற்று டயரும் போன டயர்தான். மீதி தூரத்துக்கு மூன்று பேரும் தள்ளினோம். முதலாளிதான் அதிகம் தள்ளினார்.

மெக்கானிக் கிளட்ச் தட்டு பதுளையிலிருந்து வரவேண்டும் என்று கையை விரித்தான். முதலாளி கமால் நானா வீட்டில் விருந்தாளி ஆனார். நான் பள்ளி வராந்தாவில் படுத்தேன், வழிப்போக்கனுக்கு அதில் இடம் உண்டு.

சனிக்கிழமை காலை வெலிமடையிலிருந்து லீக்ஸும் கரட்டும் ஏற்றிவந்த லொறிக்குக் கீழ்க் கடையில் மூட்டை இறக்கிக் கொடுத்தேன். மீன் வைத்த பாண், எங்கள் ஊரில் பன், இரண்டு கிடைத்தது. மாலுபாண் என்கிறார்கள். எங்கள் ஊர் பப்ஸுக்கு முப்பாட்டன் மாதிரி இருந்தது, வயிற்றில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை எழுந்திருக்காது.

அஸர் தொழுகையில் முதலாளியும் வந்து நின்றார். எங்கள் ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு தொழுதார்கள். அவர் கையைத் தொங்கவிட்டுத் தனியாக ஓரத்தில் தொழுதார். இரண்டு கிழவர்கள் தங்கள் தொழுகையை விட்டுவிட்டு அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு முற்றத்தில் கூடினார்கள். ஓட்டு வீட்டின் ஜன்னல் முற்றத்தைப் பார்த்து இருந்தது, திரை போட்டபடி. தோட்டத்துச் சனம் வெளி கேட்டுக்கு அந்தப் பக்கம். உள்ளே வரச் சொன்னார்கள், வரவில்லை. கேட்டில் சாய்ந்துகொண்டு பேசுவது அவர்களுக்கு வசதி.

"மௌத்தான லெப்பை சொகமில்லாம ஈந்த நேரம் என்னத்தான் முன்னுக்கு நிக்கச் சென்னார்" என்று கமால் நானா ஆரம்பித்தார். "ஊரே சாட்சி."

"அன்னைக்கு மருமகன் ஆளு ஏத்திக்கிட்டு ஹயர் போயிருந்தாருங்க" என்றார் கேட்டிலிருந்து ராஜாத்தி அக்கா. "ஆளு இல்லாததுக்கு நீங்க நின்னீங்க."

"கைய வெச்சாராம் கைய! கை நடுங்கின மனுசன் பக்கத்துல நின்னவன்ட கையப் புடிச்சார். நான் நின்டிருந்தா என் கையப் புடிச்சிருப்பார்."

"நீங்க ஏங்க நிக்கல?"

நிர்வாகத்தாரிலேயே இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். கமால் நானாவின் காது சிவந்தது. கெட்ட மனிதர் இல்லை அவர். லெப்பை படுத்திருந்த நாளெல்லாம் தன் கடையைப் பூட்டிவிட்டு வந்து தொழ வைத்தவர். அவர் முதலாளியின் பக்கம் திரும்பினார். "நீங்க செல்லுங்க, உலகம் கண்டவர்."

அப்பாஸ் முதலாளி தாடியைத் தடவினார். "எங்க கொள்கைப்படி மருமகன்தான்." நிறுத்தினார். "எங்க வியாபாரப்படி கமால் நானாதான்."

இப்போது எல்லோரும் சிரித்தார்கள். றிஸ்வி மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து நின்றான்.

"எனக்கு ஓதத் தெரியாது. குர்ஆன்ல நாலஞ்சு சூறா தெரியும், அதுவும் தட்டுத்தடுமாறி. உங்களுக்கு முன்னுக்கு நின்டு நான் என்னத்தச் செல்ற?"

"எங்க பூசாரிக்கு மட்டும் என்ன தெரியும்?" என்றார் ராஜாத்தி அக்கா. "வாயி அசையும், சத்தம் வராது. மழ பெய்யிதா இல்லையா?"

கமால் நானாவுக்குப் பொறுமை போய்விட்டது. கேட் வரைக்கும் நடந்து போனார். "ராஜாத்தி, உனக்கு எங்கட மார்க்கம் தெரியாது, எங்கட தொழுக தெரியாது. ஓதத் தெரியாதுண்டு அவனே செல்றான். பொறகு எதுக்கு அவன்தான் வேணுமுண்டு ஒத்தக் கால்ல நிக்கிறீங்க?"

"தொழுக உங்களோடதுங்க. யாரு முன்னாடி நின்னா எங்களுக்கு என்ன?" ராஜாத்தி அக்கா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். இந்த முறை குரலில் கேலி இல்லை. "எங்க லயத்துல எப்படித் தெரியுமா? வீட்டுல ஒரு ஆளாவது தோட்டத்துல பேரு பதிஞ்சிருக்கணும். அப்பன் செத்தா மகன் பதியணும், மகன் இல்லாட்டி மருமகன். ஒருத்தரும் பதியலேன்னா லயத்த விட்டுட்டுப் போன்னுருவாங்க. எம் மக கொழும்புல இருக்கா, அதான் நான் இந்த முட்டிய வச்சிக்கிட்டு இன்னும் மல ஏறுறேன். லெப்பை போயிட்டாரு. மருமகன் பேரு பதியாம இருந்தா அந்தம்மா எங்க போகும்? அதான் மாலையப் போட்டோம். ஊரு பாக்கப் போட்டா நீங்க இல்லேன்னு சொல்ல முடியாதுன்னு நெனச்சோம்."

இவர்கள் பரம்பரைக்குக் கொடி பிடிக்கிறார்கள் என்று நாங்கள் இரண்டு நாளாக மதினாவரை போய்த் திரும்பியிருந்தோம். இவர்கள் பேசியது கூரையைப் பற்றி. அப்பாஸ் முதலாளி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

திரைக்குப் பின்னாலிருந்து ஒரு இருமல் வந்தது. பிறகு லெப்பையின் மனைவியின் குரல். நிதானமான, கொஞ்சம் கரகரத்த குரல்.

"கமால் நானா."

"செல்லுங்க, லாத்தா" என்றார் கமால் நானா தலையைக் குனிந்தபடி.

"அவர் யாரையும் செல்லல்ல. கடைசி ரெண்டு நாளும் தண்ணி, தண்ணி, அதுதான் சென்னார். நீங்க முன்னுக்கு நில்லுங்க. உங்கட ஓதல் நல்லம், அவரே செல்வார். ஆனா ஒண்டு. உங்கட வாப்பா இந்த வீட்டத் தரக்குள்ள நான் புதுப் பொண்ணு, எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் ஈந்தன். தொழ வைக்கிறதுக்கு வீடு தரல்ல. விடியச் சுபஹுக்குப் பள்ளியத் தொறக்க, பாங்கு செல்லித் தொழுகைக்குக் கூப்பிட, தண்ணித் தொட்டிய நிரப்ப ஆள் கிட்ட ஈக்கணும், அதுக்குத்தான் தந்தார். நீங்க அந்த நேரம் டவுன்லேர்ந்து ஏறி வருவீங்களா?"

கமால் நானா தன் முழங்காலைப் பார்த்தார். "அது கஷ்டம் லாத்தா."

"அப்ப அந்த வேலையப் பாக்கிற ஆள் பள்ளி வராந்தாவுல படுக்கட்டும். வீட்டுல நான் ஈக்கன். மதரஸாவுக்கு முன் அறைய எடுங்க, இடிக்க வாணாம். றிஸ்வி பாங்கு பழகட்டும். பழகினா அவன் பாக்கட்டும்."

"பழக நாளாகுமே மாமி" என்றான் றிஸ்வி. "விடிய டூரிஸ்ட் ஹயர் வேற ஈக்கி. அதுவரைக்கும் யாரு?"

நிர்வாகத்தார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சும்மா செய்கிற வேலைக்கு, அதுவும் விடிவதற்கு முன்னால் குளிரில் செய்கிற வேலைக்கு, பரம்பரைக்காரனும் இல்லை, தேர்ந்தெடுக்கப்பட்டவனும் இல்லை. ஆள் கிடைக்காவிட்டால் எல்லாம் பழையபடி என்பது எல்லோருக்கும் தெரிந்தது. வேறு லெப்பையை வெளியூரிலிருந்து கூட்டிவர வேண்டும், அவன் குடும்பத்தோடு வருவான், வீடு கேட்பான்.

"இந்தா ஒரு பாயி சும்மாதானே திரியிறாரு" என்று கேட்டிலிருந்து சத்தம் வந்தது.

திரும்பிப் பார்த்தேன். ராஜாத்தி அக்காவின் விரல் என்னைக் காட்டிக்கொண்டிருந்தது. ஊர் முழுக்க என்னைப் பார்த்தது. ஜெர்மன் அம்மாவின் முகம் ஒரு தடவை நினைவில் வந்துபோனது.

கமால் நானா என்னிடம் வந்தார். "பாங்கு செல்லத் தெரியுமா?"

"தெரியும்." மதரஸாவில் நான் முழுசாகக் கற்றது அது ஒன்றுதான், அடி இல்லாமல் வந்ததும் அதுதான்.

"செல்லுங்க பாப்பம்."

மெதுவாகச் சொல்லிக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "திண்டுக்கல் ராகம்" என்றார். "பரவால்ல. விசா?"

"இருக்கு. முடிந்தால் நீட்டிக்கலாம்."

"சம்பளம் இல்ல."

"சோறு?"

"சோறு நாங்க அனுப்புவம்" என்றது திரைக்குப் பின்னாலிருந்த குரல். அதோடு கூட்டம் முடிந்தது. றிஸ்வி என் கையைப் பிடித்தான். கமால் நானா அவன் தோளில் தட்டி, நாளை மறுநாளிலிருந்து மாலை மக்ரிபுத் தொழுகைக்குப் பிறகு கடைக்கு வா, நானே ஓதித் தருகிறேன் என்று அதட்டினார்.

கிளட்ச் வந்து சேர்ந்து முதலாளி வேனில் ஏறும்போது என்னைக் கூப்பிட்டார். "பார்த்தாயா? முன்னால் நிற்பவரை ஊர் கூடி ஏற்றுக்கொண்டது, அது உங்கள் முறை. அடுத்து யார் என்பதை அந்தம்மா சொல்லிவிட்டார், அது எங்கள் முறை. கடைசியில் பார்த்தால் மருமகன்தான்." கண்ணாடியை ஏற்றப் போனவர் மறுபடி இறக்கினார். "எங்கள் பாங்கில் ஒன்றிரண்டு வரி கூடுதலாக வரும். விளையாட்டுக்குக்கூடச் சொல்லிவிடாதே, உன்னை மலையிலிருந்து உருட்டிவிடுவார்கள்."

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னால் எழுந்தேன். குளிரில் விரல் மடங்கவில்லை. வாளியால் தண்ணீர் மொண்டு தொட்டியை நிரப்பினேன், ஒவ்வொரு வாளியும் என் கால்மேல் பாதி. கீழே ரோட்டில் பதுளைக்குப் போகிற முதல் பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. வழக்கமாக அந்தச் சத்தம் கேட்டால் என் பை தானாகத் தோளுக்கு வரும். கதவைத் திறந்து மைக்கைப் போட்டேன். அது கீச்சென்று கத்தியதில் லயத்து நாய்கள் எல்லாம் எழுந்தன. முதல் அல்லாஹு அக்பரில் என் குரல் உடைந்தது, இரண்டாவதில் நிலைக்கு வந்தது. முடிக்கும்போது ஓட்டு வீட்டின் சமையலறையில் விளக்கு எரிந்தது.

கமால் நானா வரமாட்டார் என்று நினைத்தேன். முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க ஏறி வந்து தொழ வைத்தார். நாங்கள் நாலு பேர்.

நன்றாக விடிந்த பிறகு முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தேன். ஜன்னல் விளிம்பில், திரைக்கு வெளியே, ஒரு கோப்பைத் தேத்தண்ணியும் ஒரு காகிதத்தில் சீனியும் வந்து உட்கார்ந்திருந்தன. வாசல் ரோட்டில் பெண்கள் கூட்டம். ஞாயிற்றுக்கிழமையானாலும் கொழுந்து முற்றிப்போகிறது என்று வேலை கொடுத்திருந்தார்கள். பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுத்து வேலை பிரித்துக் கொடுக்கிற இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ராஜாத்தி அக்கா கேட்டில் நின்றார்.

"என்னா பாயி! உங்க பாங்குல இழுவ பத்தாது. பழைய லெப்பை இழுத்தாருன்னா நாங்க அடுப்புப் பத்தவச்சு, தண்ணி வச்சு, பல்லு வெளக்கிருவோம். நீங்க பொசுக்குன்னு முடிச்சிட்டீங்க. பாதிப் பேரு இன்னும் எந்திரிக்கல."

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தேன்.

"நாளைக்கு இழுக்கிறேங்க" என்றேன்.